நம் ஆட்களா, ஒப்பந்ததாரரா? சாலை வேலையின் செலவு வரம்பைக் கணக்குப் பார்க்கும் விதம்

ஒரு தெருவுக்கு அடியில் போகும் பழைய குழாய் மதகு உள்வாங்கிவிட்டது. மேலே தார் பிளந்து கிடக்கிறது, கனமான லாரி ஏறினால் சக்கரம் இறங்கிவிடும். நகராட்சியின் பணிமனையில் குழி தோண்டும் பேக்ஹோ நிற்கிறது, டிப்பர் லாரி நிற்கிறது, பத்து வருடம் இதே வேலை பார்த்த ஐந்து பேர் இருக்கிறார்கள். மேற்பார்வையாளர் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "ஒரு வாரம் போதும், நம்ம ஆட்களே முடிச்சிடுவாங்க" என்கிறார்.

அவர் சொல்வதில் தவறில்லை. அந்த ஐவர் கையில் வேலை சுத்தமாகவே இருக்கும். ஆனால் அவர்களை வைத்துச் செய்யச் சட்டம் இடம் தருகிறதா என்பது தனிக் கேள்வி. இத்தனை தொகைக்குள் அடங்கும் வேலையை மட்டுமே அரசின் சொந்த ஆட்கள் செய்யலாம், அதைத் தாண்டினால் ஒப்பந்தப்புள்ளி கோர வேண்டும் என்று பல இடங்களில் சட்டம் இருக்கிறது. புதிதாகச் சேர்ந்த இளநிலைப் பொறியாளரும் கணக்குப் பிரிவு ஊழியரும் முதன்முறை மன்றத்துக்குத் தேர்வான உறுப்பினரும் தடுமாறுவது இங்கேதான். அவர்களுக்காகவும், வரிப்பணம் எப்படிப் போகிறது என்று பார்க்க நினைக்கும் குடிமக்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

இந்த வரம்பை எண்ணாகவே சட்டத்தில் எழுதி, அதை மீறினால் என்ன ஆகும் என்பது வரை விரிவாக வகுத்திருப்பவை அமெரிக்க மாநிலங்கள். எனவே எடுத்துக்காட்டுகளை அங்கிருந்தே தருகிறேன். கணக்குப் போடும் முறை எங்கும் உதவும்.

வரம்பு எதற்கு?

இதில் இரண்டு தரப்பு உண்டு, இரண்டின் வாதத்திலும் நியாயம் இருக்கிறது. ஒப்பந்ததாரர்கள் சொல்வது: பொதுப் பணத்தில் நடக்கும் வேலைக்கு எல்லோரும் போட்டியிட வாய்ப்பு வேண்டும். அரசு அலுவலகம் தன் செலவைச் சொல்லும்போது ஆட்களின் சம்பளத்தையும் இயந்திரத் தேய்மானத்தையும் விட்டுவிட்டு, வாங்கிய ஜல்லிக்கும் தாருக்கும் மட்டும் கணக்குக் காட்டுகிறது. அப்படிப் பார்த்தால் எந்த ஒப்பந்ததாரரும் விலை கூடியவராகத்தான் தெரிவார். உள்ளாட்சிகள் சொல்வது: சின்ன வேலைக்கெல்லாம் விளம்பரம் கொடுத்து, வாரக்கணக்கில் காத்திருந்து, ஒரே ஒரு ஒப்பந்தப்புள்ளி வந்து, அதுவும் இரட்டிப்பு விலையில் இருந்தால் யாருக்கு லாபம்? ஆட்களுக்கு எப்படியும் சம்பளம் கொடுக்கிறோம், அவர்களைச் சும்மா உட்கார வைப்பதா?

என் கருத்து இது: வரம்பு தேவைதான். ஆனால் அது விலைவாசியோடு சேர்ந்து நகர வேண்டும். அமெரிக்காவின் தேசிய நெடுஞ்சாலைக் கட்டுமானச் செலவுக் குறியீடு 2020 இறுதிக்குப் பிந்தைய மூன்று ஆண்டுகளில் பாதிக்கும் மேல் ஏறியது. அந்தக் காலத்தில் நகராமல் நின்ற வரம்பெல்லாம் நடைமுறையில் சுருங்கிப்போனது. நேற்றுவரை சொந்த ஆட்கள் செய்த அதே மதகு வேலை, அளவில் ஓர் அடிகூடக் கூடாமலே வரம்புக்கு வெளியே போய்விட்டது.

முதலில் சொல்லைச் சரியாகப் பிடியுங்கள்

அரசின் சம்பளப் பட்டியலில் உள்ள ஆட்கள், அரசின் இயந்திரங்கள், அரசு வாங்கும் பொருட்கள் ஆகியவற்றை வைத்து அரசின் நேரடிக் கட்டுப்பாட்டில் நடக்கும் வேலைக்கு அமெரிக்கச் சட்டங்களில் 'ஃபோர்ஸ் அக்கவுண்ட்' என்று பெயர். இந்தக் கட்டுரையில் அதை நேரடி வேலை என்று சொல்கிறேன்.

ஒரு சிக்கல், இதே சொல்லுக்கு இன்னொரு பொருளும் உண்டு. ஒப்பந்ததாரர் வேலை செய்துகொண்டிருக்கும்போது ஒப்பந்தத்தில் இல்லாத கூடுதல் வேலை வந்து, அதற்கு விலை ஒத்துவராமல் போனால், ஆள் நேரம், இயந்திர நேரம், பொருள் விலை ஆகியவற்றைக் கூட்டி, மேலே ஒரு சதவீதம் வைத்துப் பணம் கொடுப்பார்கள். அதையும் ஃபோர்ஸ் அக்கவுண்ட் என்றே அழைக்கிறார்கள். அங்கே வேலை செய்வது ஒப்பந்ததாரரின் ஆட்கள், செலவு வரம்புக்கும் அதற்கும் தொடர்பில்லை. புதியவர்கள் இணையத்தில் தேடும்போது இரண்டாவதைப் பற்றிய விதியை எடுத்து வந்து முதலாவதற்குப் பொருத்திவிடுகிறார்கள். ஆவணத்தைத் திறந்ததும் 'இங்கே யாருடைய ஆட்கள்?' என்று கேட்டுக்கொண்டால் குழப்பம் வராது.

உங்கள் அமைப்புக்கு எந்த வரம்பு?

அடுத்த ஊர் அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொண்ட எண்ணை வைத்து வேலையைத் தொடங்காதீர்கள். ஒரே மாநிலத்துக்குள் நகரத்துக்கு ஒன்று, நம் மாவட்டம் போன்ற கவுண்டிக்கு ஒன்று, அதற்குள் அடங்கும் சிறிய உள்ளாட்சியான டவுன்ஷிப்புக்கு ஒன்று என்று வரம்புகள் மாறும்.

கலிஃபோர்னியாவைப் பாருங்கள். அங்கே பொதுப் பணிகளின் செலவைக் கணக்கிட ஒரு பொதுவான முறையை வகுத்த சட்டம் 1983-இல் வந்தது. விரும்பும் உள்ளாட்சிகள் தீர்மானம் போட்டு அதில் சேரலாம். சேர்ந்தவர்களுக்கு 2025 ஜனவரி 1 முதல் வரம்பு 75,000 டாலர். அதற்குள் அடங்கும் பணியைச் சொந்த ஆட்களை வைத்தே செய்யலாம், பேசி முடித்த ஒப்பந்தத்திலும் கொடுக்கலாம். 2,20,000 டாலர் வரை எளிமையான ஒப்பந்தப்புள்ளி முறை, அதற்கு மேல் முழு முறை. இந்த 75,000 என்பது 2019-இல் 60,000 ஆக இருந்தது, அதற்கு முன் 45,000. விலைவாசியைப் பார்த்து வரம்பை மறுபரிசீலனை செய்ய அந்தச் சட்டத்திலேயே ஓர் ஆணையம் இருப்பதால்தான் இந்த நகர்வு. சரி, சட்டத்தில் சேராமல், மாநிலத்தின் பொதுச் சட்டப்படியே இயங்கும் நகரத்துக்கு? சாலைப் பராமரிப்பு நீங்கலான பொதுப் பணி 5,000 டாலரைத் தாண்டினாலே ஒப்பந்தப்புள்ளி கோர வேண்டும். பக்கத்துப் பக்கத்து நகரங்கள், ஒரே மாதிரி மதகு. ஒன்றுக்கு 75,000, இன்னொன்றுக்கு 5,000. ஆகவே உங்கள் அமைப்பு அந்தத் தீர்மானத்தைப் போட்டிருக்கிறதா என்று பார்ப்பதுதான் முதல் நாள் வேலை.

வரம்பின் அலகையும் கவனியுங்கள். ஒஹாயோ மாநிலத்தில் கவுண்டிச் சாலைகளுக்கான வரம்பு மைல் கணக்கில் வருகிறது, பாலங்களுக்கும் மதகுகளுக்கும் தனி வரம்பு. வாஷிங்டன் மாநிலத்தில் சில வகை நகரங்களுக்கு, வேலையில் ஒரே தொழில்பிரிவு ஆட்கள் ஈடுபடுகிறார்களா, ஒன்றுக்கு மேற்பட்ட பிரிவினரா என்பதைப் பொறுத்து வரம்பு வேறுபடும். அங்கேயே முதல்நிலை நகரங்களுக்கு ஒரு வேலைக்கான வரம்போடு இன்னொரு பூட்டும் உண்டு. நேரடி வேலைகள் எல்லாம் சேர்ந்து பொதுப்பணிக் கட்டுமான நிதியில் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. ஒவ்வொரு வேலையும் தனித்தனியாகப் பார்த்தால் சரியாக இருந்து, வருடக் கடைசியில் மொத்தம் இடிப்பது இப்படித்தான். அதனால் ஒரு வேலை, ஒரு மைல், ஒரு வருடம் என்ற மூன்றில் உங்கள் வரம்பு எதன் மேல் நிற்கிறது என்று கோப்பின் முதல் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.

அப்புறம் பணம் எங்கிருந்து வருகிறது என்பது. மத்திய அரசின் நெடுஞ்சாலை நிதி ஒரு டாலர் கலந்தாலும் ஆட்டம் மாறும். அந்த நிதியில் நடக்கும் கட்டுமானம் போட்டி ஒப்பந்தப்புள்ளி வழியாகத்தான் போக வேண்டும் என்பது அடிப்படை விதி. வேறு வழி செலவில் சிக்கனமானது என்று மாநிலம் நிரூபித்தாலோ, அவசர நிலை இருந்தாலோதான் விலக்கு. மாநிலச் சட்டத்தில் வரம்புக்குள் இருக்கிறோம் என்ற ஒன்றை வைத்து இங்கே தப்ப முடியாது.

பராமரிப்பா, கட்டுமானமா?

எண்ணைப் பார்ப்பதற்கு முன்னால் வேலையின் பெயரைப் பார்க்க வேண்டும். பல சட்டங்களில் கட்டுமானத்துக்கு ஒரு விதி, பராமரிப்புக்கு வேறு விதி. கலிஃபோர்னியாவின் அந்தச் சட்டத்தில் ஓர் அங்குலத்துக்குக் குறைவான தடிமனில் சாலைக்கு மேல்பூச்சு போட்டால் அது பராமரிப்பு. பராமரிப்பு 'பொதுப் பணி' என்ற வரையறைக்குள்ளேயே வராது, ஆகவே 75,000 என்ற வரம்பு அதன் மேல் பாய்வதில்லை. ஓர் அங்குலமோ அதற்கு மேலோ போட்டால் அந்தச் சலுகை போய்விடும். தார்க்கலவையை விரிக்கும் இயந்திரத்தின் பின்னால் ஒருவர் இரும்புக் கம்பியைக் குத்தி ஆழம் பார்த்துக்கொண்டே நடப்பாரே, அவர் கையிலிருக்கும் அந்தக் கம்பியில் ஒரு கோடு மேலா கீழா என்பதில் சட்டமே மாறுகிறது. உருளையால் அழுத்துவதற்கு முன்பா பின்பா, சராசரியா, ஓர் இடத்திலா என்பதையெல்லாம் முன்கூட்டியே எழுத்தில் முடிவு செய்துகொள்ளுங்கள்.

எல்லா இடத்திலும் பராமரிப்புக்கு இந்தத் தாராளம் கிடையாது. ஒஹாயோவின் டவுன்ஷிப்புகளுக்குப் பராமரிப்பு, பழுதுபார்ப்பு வேலைக்கும் வரம்பு உண்டு. 'பள்ளம் அடைக்கிறோம், அதற்கு என்ன வரம்பு' என்று நினைத்து இறங்கிவிடக் கூடாது.

முழுச் செலவு: இங்கேதான் நேரம் எடுத்துக்கொள்ள வேண்டும்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைப் படிக்கப் போகிறீர்கள் என்றால் இதைப் படியுங்கள். வரம்பு எவ்வளவு என்பது ஒரு தொலைபேசி அழைப்பில் தெரிந்துவிடும். உங்கள் வேலைக்கு எவ்வளவு ஆகும் என்பதில்தான் அறிந்தும் அறியாமலும் தவறு நடக்கிறது.

ஒஹாயோவில் இதற்கென்றே மாநிலத் தணிக்கையாளர் ஒரு படிவம் வகுக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நேரடி வேலையைத் தொடங்குமுன் அந்தப் படிவத்தில் மதிப்பீடு போட வேண்டும். அதில் என்னென்ன சேர வேண்டும் என்பதையும் சட்டமே அடுக்குகிறது: ஊழியர் சம்பளம், சலுகைகள், மற்ற ஆள் செலவு, பொருட்கள், சரக்குக் கட்டணம், எரிபொருள், ஏற்றிச் செல்லும் செலவு, நிர்வாக மேல்செலவு, பணியிட விபத்துக் காப்பீட்டுத் தொகை, கருவிகளையும் இயந்திரங்களையும் பயன்படுத்துவதற்கு நியாயமான ஒரு தொகை, அவற்றின் தேய்மானம். உங்கள் ஊரில் இப்படி ஒரு படிவம் இல்லாவிட்டாலும் இந்தப் பட்டியலை அப்படியே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இதைவிட நல்ல சரிபார்ப்புத் தாள் எனக்குத் தெரியாது.

தொடக்கத்தில் சொன்ன மதகு வேலைக்கே போட்டுப் பார்ப்போம். விலைகள் கணக்குக்காக நான் வைத்துக்கொண்டவை. வரம்பு 75,000 டாலர் என்று கொள்வோம்.

பொருட்கள்: புதிய குழாயும் இணைப்புகளும் 18,000. ஜல்லி 4,500. தார்க்கலவை 60 டன், டன்னுக்கு 110 வீதம் 6,600. மொத்தம் 29,100. பல அலுவலகங்களில் மதிப்பீடு இந்த வரியோடு நின்றுவிடும், 'வரம்பில் பாதிகூட இல்லை' என்று கோப்பு மேலே போகும்.

ஆட்கள்: ஐந்து பேர், ஆறு நாள், நாளுக்கு எட்டு மணி நேரம், ஆக 240 மணி. போக்குவரத்தைத் திருப்பிவிடக் கொடி பிடிக்கும் இரண்டு பேரை எல்லோரும் மறந்துவிடுவார்கள். அவர்களுக்கு 96 மணி. மொத்தம் 336 மணி. ஒருவரின் மணிச் சம்பளம் 32 டாலர் என்றால், ஓய்வூதியப் பங்கு, மருத்துவக் காப்பீடு, விடுப்பு எல்லாம் சேர்த்து இன்னும் பாதி ஏறும். ஆக மணிக்கு 48. பெருக்கினால் 16,128. 'அவர்களுக்கு எப்படியும் சம்பளம் போகிறதே, அதை ஏன் இங்கே ஏற்ற வேண்டும்?' என்ற கேள்வி எல்லா அலுவலகத்திலும் வரும். அந்த ஆறு நாளும் அந்த ஏழு பேர் வேறு தெருவில் பள்ளம் அடைத்திருப்பார்கள், வடிகால் தூர் வாரியிருப்பார்கள். அந்த வேலை நின்று இந்த வேலை நடக்கிறது, ஆகவே அந்தச் சம்பளம் இந்த வேலையின் செலவுதான்.

இயந்திரங்கள்: பேக்ஹோ 48 மணி, மணிக்கு 45 வீதம் 2,160. டிப்பர் இரண்டு, 48 மணி, 70 வீதம் 6,720. ரோலர் 16 மணி, 40 வீதம் 640. மொத்தம் 9,520. வாங்கி எட்டு வருடம் ஆன பேக்ஹோவுக்கு என்ன செலவு என்று கேட்பார்கள். டீசல், டயர், எண்ணெய், பழுது, நாளைக்கு இதை மாற்றிப் புதிது வாங்க வேண்டிய பணம், எல்லாம் அந்த மணிக்கணக்கில் அடக்கம். மணி விலையை எங்கே எடுப்பது என்று தெரியாதவர்களுக்கு ஒரு வழி: அமெரிக்கப் பேரிடர் மேலாண்மை அமைப்பான ஃபெமா, உள்ளாட்சிகளின் சொந்த இயந்திரங்களுக்கு ஈடு கொடுப்பதற்காக ஒரு மணி விலைப் பட்டியல் வெளியிடுகிறது. தேய்மானம், பராமரிப்பு, எரிபொருள் எல்லாம் சேர்ந்த விலை அது. ஓட்டுநரின் கூலி அதில் இல்லை, அதை ஆட்கள் கணக்கில் தனியாகப் போட வேண்டும்.

மூன்றையும் கூட்டினால் 54,748. இதன் மேல் நிர்வாக மேல்செலவு: பணிமனை வாடகை, மின்சாரம், மேற்பார்வை, கணக்குப் பிரிவு, காப்பீடு. 20 சதவீதம் என்று வைப்போம், சுமார் 10,950. ஆக மொத்தம் ஏறக்குறைய 65,700 டாலர்.

29,100-இல் தொடங்கினோம், 65,700-இல் நிற்கிறோம். இன்னும் வரம்புக்குள்தான். ஆனால் இரண்டு நாள் மழை பிடித்துக்கொண்டு, குழியில் தண்ணீர் இறைத்து, வேலை எட்டு நாளாக இழுத்தால் என்ன ஆகும்? ஏழு பேருக்கு 16 மணி வீதம் 5,376. பேக்ஹோவும் டிப்பர்களும் 2,960. மேல்செலவு சேர்த்துப் பத்தாயிரத்துச் சொச்சம். மொத்தம் 75,700. எழுநூறு டாலரில் வரம்பு தாண்டிவிட்டது. வாங்கிய பொருள் ஒன்றுகூடக் கூடவில்லை.

ஆகவே வரம்புக்கு ஒட்டி வரும் மதிப்பீட்டை நான் நம்புவதில்லை. தரைக்கு அடியில் தோண்டும் வேலை என்றால் எதிர்பாராததற்கென்று குறைந்தது பத்து, பதினைந்து சதவீதம் இடம் விட்டு, அதையும் சேர்த்து வரம்புக்குள் வருகிறதா என்று பார்ப்பேன். வராவிட்டால் ஒப்பந்தப்புள்ளிக்கு அனுப்பிவிடுவது நல்லது. பாதி தோண்டிய குழிக்கு முன்னால் நின்றுகொண்டு சட்ட ஆலோசகருக்குத் தொலைபேசி போடுவது யாருக்கும் வரக்கூடாத நிலைமை.

ஒப்பந்ததாரர் பக்கமும் முழுசாகக் கணக்கிடுங்கள்

ஒப்பந்ததாரர் கேட்கும் விலை மட்டும் அந்தப் பக்கத்தின் செலவு இல்லை. வரைபடமும் விவரக்குறிப்பும் தயாரிக்க வேண்டும், விளம்பரம் கொடுக்க வேண்டும், ஒப்பந்தப்புள்ளிகளைப் பரிசீலிக்க வேண்டும், வேலை நடக்கும்போது ஒரு ஆய்வாளர் அங்கே நிற்க வேண்டும், பின்னால் ஒப்பந்த வேலையைக் கூட்டியும் குறைத்தும் மாற்ற உத்தரவுகள் வரும். இவற்றுக்கெல்லாம் அரசு ஊழியரின் நேரம் போகிறது. நேரடி வேலைக்கு மேல்செலவை ஏற்றிவிட்டு இவற்றை விட்டுவிட்டால் அதுவும் நியாயமான ஒப்பீடு ஆகாது.

கூலி விதியிலும் வேறுபாடு இருக்கிறது. கலிஃபோர்னியாவில் 1,000 டாலரைத் தாண்டும் பொதுப் பணிகளில் ஒப்பந்ததாரர், அந்தப் பகுதியில் நிலவும் கூலி என்று அரசு அறிவித்த தொகையைக் கொடுத்தாக வேண்டும். அரசு அமைப்பு தன் சொந்த ஆட்களை வைத்துச் செய்யும் வேலைக்கு அந்த விதி பொருந்தாது. இரண்டு மதிப்பீடுகளுக்கு நடுவே உள்ள இடைவெளியில் ஒரு பகுதி இதனால் வருவதுதான், அதை ஒப்பந்ததாரரின் பேராசை என்று எழுதிவிடக் கூடாது.

எது எதற்கு யார் பொருத்தம் என்று கேட்டால், பள்ளம் அடைப்பு, ஓரம் சீர்செய்தல், வடிகால், அறிவிப்புப் பலகை, பனி அகற்றுதல் மாதிரி நாள்தோறும் தலைகாட்டும் வேலைகளுக்குச் சொந்த ஆட்களை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. கிலோமீட்டர் கணக்கில் சுரண்டி எடுத்துப் புதுத் தார் போடும் வேலைக்கு விலையுயர்ந்த இயந்திரங்கள் வேண்டும். வருடத்தில் பத்து நாள் ஓடுவதற்காக அவற்றை ஓர் ஊர் வாங்கி வைப்பது வீண்.

வேலையைத் துண்டு போடாதீர்கள்

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஓர் அலுவலகத்தில் பழைய கோப்புகளைச் சரிபார்க்கச் சொன்னார்கள். ஒரே சாலைக்கு மூன்று வேலை உத்தரவுகள் இருந்தன. மார்ச்சில் ஒன்று, ஏப்ரலில் ஒன்று, மே மாதம் ஒன்று, மூன்றும் வரம்புக்குச் சற்றுக் கீழே. காகிதத்தில் எல்லாம் ஒழுங்கு. தார்க்கலவை ஆலையின் எடைச்சீட்டுகளைப் புரட்டியபோது மூன்று உத்தரவுக்கும் உரிய லாரிகள் ஒரே வாரத்தில், அடுத்தடுத்த நாட்களில் வந்து இறங்கியிருந்தன. அதாவது ஒரே வேலை, மூன்று பெயர். சாலை நன்றாகத்தான் இருந்தது, யாரும் பணம் எடுக்கவில்லை. ஆனாலும் எனக்கு அன்று மனம் கனத்தது. அந்த வேலைக்குப் போட்டியிட்டிருக்கக் கூடிய யாருக்கும் அது நடந்ததே தெரியாது.

வரம்பைத் தவிர்ப்பதற்காக வேலையைச் சிறு உத்தரவுகளாகப் பிரிப்பதைக் கலிஃபோர்னியாவின் சட்டம் வெளிப்படையாகவே தடை செய்கிறது. உண்மையான கட்டங்களாகப் பிரிப்பது வேறு. இந்த வருடம் நிதி இவ்வளவுதான், மீதி அடுத்த வருடம் என்பது நியாயமான காரணம். எது எது என்று சந்தேகம் வந்தால் நான் கேட்டுக்கொள்வது இவைதான்: ஒரே வரைபடத்தில் இரண்டும் வருமா? ஒரு துண்டை மட்டும் செய்துவிட்டு நிறுத்தினால் சாலை பயன்படுமா? ஆட்கள் பணிமனைக்குத் திரும்பாமலே அடுத்த துண்டுக்கு நகர்கிறார்களா? வரம்பு என்று ஒன்று இல்லாவிட்டாலும் இப்படிப் பிரித்திருப்போமா? கடைசிக் கேள்விக்கு 'இல்லை' என்று பதில் வந்தால் அது ஒரே வேலை.

பாதியை நம் ஆட்கள், பாதியை ஒப்பந்ததாரர் என்று பங்கிடும்போதும் மொத்தத்தையே கணக்கில் வையுங்கள். இன்னொன்று, நேரடி வேலை என்பதால் பொருள் வாங்கும் விதிகள் தளர்ந்துவிடாது. தார்க்கலவை வாங்குவதற்கும் குழாய் வாங்குவதற்கும் உள்ள கொள்முதல் விதி அப்படியே இருக்கிறது. இயந்திரத்தை ஓட்டுநரோடு வாடகைக்கு எடுத்தால் அங்கே நீங்கள் ஒரு சேவையை ஒப்பந்தத்தில் எடுக்கிறீர்கள். அதை 'நம்ம ஆட்கள்' கணக்கில் சேர்க்க முடியாது.

அவசரமும் விலக்குகளும்

வெள்ளத்தில் பாலம் அடித்துச் செல்லப்பட்டால் யாரும் ஒப்பந்தப்புள்ளிக்காகக் காத்திருக்கச் சொல்லவில்லை. ஆனால் அவசரம் என்ற சொல்லுக்குப் பின்னால் ஒரு நடைமுறை இருக்கிறது. கலிஃபோர்னியாவில் ஆட்சி மன்றம் ஐந்தில் நான்கு பங்கு வாக்கில் முடிவெடுக்க வேண்டும். அதற்குப் பின் ஒவ்வொரு வழக்கமான கூட்டத்திலும், அவசரம் இன்னும் நீடிக்கிறதா என்று மறுபடி பார்க்க வேண்டும். மூன்று வருடமாகத் தெரிந்த விரிசலை மழைக்காலத்தில் அவசரம் என்று எழுதினால், பழைய ஆய்வு அறிக்கையே எதிராக நிற்கும்.

ஒப்பந்தப்புள்ளி கோரி ஒன்றுமே வராவிட்டால் சொந்த ஆட்களை வைத்துச் செய்ய அதே சட்டம் அனுமதிக்கிறது. வந்தவை அனைத்தையும் நிராகரித்த பிறகு, தன் மதிப்பீட்டை மறுபடி சரிபார்த்து, சொந்த ஆட்களால் சிக்கனமாக முடியும் என்று மன்றம் ஐந்தில் நான்கு பங்கு வாக்கில் தீர்மானித்தாலும் செய்யலாம். அந்த மறுமதிப்பீடு மேலே சொன்ன முழுக் கணக்காக இருக்க வேண்டும்.

வேலை நடக்கும்போது

மதிப்பீட்டைப் போட்டு அலமாரியில் வைத்துவிட்டால் பயனில்லை. நாள் தாள் என்று ஒன்று தினமும் எழுதப்பட வேண்டும், அதுவும் அன்று மாலையே, வேலை நடந்த இடத்திலேயே. ஒரு நல்ல நாள் தாள் இப்படி இருக்கும்: 7.00 பணிமனையிலிருந்து புறப்பாடு. 7.40 இடம் வந்தது. 8.15 தடுப்புகள் வைத்து முடிந்தது. பேக்ஹோ 8.30 முதல் 11.45 வரை. 11.45 முதல் 1.00 வரை குழாய் லாரிக்காகக் காத்திருப்பு, ஐந்து பேரும் இயந்திரமும் சும்மா. அந்தக் கடைசி வரிதான் பெரும்பாலும் எழுதப்படாமல் போகும். காத்திருந்த நேரமும் செலவுதான். எழுதினால் மேற்பார்வையாளருக்கு அவமானம் என்று யாரும் நினைக்காதபடி அலுவலகம் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வாரக் கடைசியில் நாள் தாள்களைக் கூட்டி, மதிப்பீட்டோடு ஒட்டிப் பாருங்கள். செலவு எழுபது சதவீதம் வந்து வேலை பாதிதான் முடிந்திருந்தால் அன்றே மேலதிகாரிக்கு எழுத்தில் சொல்லிவிடுங்கள். மறைத்து முடிப்பதன் விலை பெரிது. ஒஹாயோவில் வரம்பை மீறியதாகத் தணிக்கையாளர் கண்டால் அந்த அமைப்பின் வரம்பையே குறிப்பிட்ட காலத்துக்குக் குறைத்துவிடுவார்கள், மறுபடி நடந்தால் தண்டனை ஏறும். கலிஃபோர்னியாவில் பத்து ஆண்டுக்குள் மூன்று முறை மீறல் உறுதியானால், ஐந்து ஆண்டுக்கு அந்தச் சட்டத்தின் வசதியே கிடையாது. ஒரு வேலையில் மறைத்தது அடுத்த பல வருட வேலைகளின் கையைக் கட்டிப்போடும்.

குடிமக்கள் கேட்க வேண்டிய தாள்கள்

உங்கள் தெருவில் நடந்த வேலையைப் பற்றித் தெரிந்துகொள்ள நினைத்தால் 'எவ்வளவு செலவு' என்று பொதுவாகக் கேட்காதீர்கள், ஒற்றை எண் ஒன்றைச் சொல்லி அனுப்பிவிடுவார்கள். தொடங்குமுன் போட்ட மதிப்பீடு, வேலை உத்தரவு, நாள் தாள்கள், பொருட்களின் எடைச்சீட்டும் பட்டியல்களும், இயந்திர மணிக் கணக்கு, முடிவுச் செலவு அறிக்கை என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். மதிப்பீட்டுத் தாளின் தேதி வேலை தொடங்கிய தேதிக்கு முந்தையதா என்று முதலில் பாருங்கள். பிறகு ஆட்கள் என்ற வரி இருக்கிறதா, மேல்செலவு என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் இல்லாமல் பொருள் விலை மட்டும் இருந்தால், மன்றக் கூட்டத்தில் எழுந்து கேட்க உங்களுக்கு ஒரு நல்ல கேள்வி கிடைத்துவிட்டது.

அலுவலகத்தில் இருப்பவர்களுக்கு இன்னும் ஒரு வேலை மிச்சம் இருக்கிறது. மதகு மூடி, தார் போட்டு, தடுப்புகளை எடுத்த பிறகு, மதிப்பீட்டையும் உண்மைச் செலவையும் ஒரே தாளில் பக்கத்துப் பக்கத்தில் எழுதுங்கள். எந்த வரியில் எத்தனை மணி கூடியது, ஏன் என்று ஓரத்தில் குறித்து, கோப்பின் மேலாக வையுங்கள். அடுத்த மதகுக்கு மதிப்பீடு போடப் போகிறவர் முதலில் திறக்க வேண்டியது அந்தத் தாளைத்தான்.